இரண்டாம் தரத்தில் நின்ற மூச்சு

எட்டு இருபது. மருந்து வரவில்லை.

காலடிப்பேட்டை ஸ்கேன் சென்டரின் முதல் மாடியில் மருத்துவ இயற்பியலாளர் மதி ஜன்னலுக்கும் கடிகாரத்துக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். ஏழரைக்கு வர வேண்டிய வேன், காசிமேட்டைத் தாண்டியதும் கடற்கரைச் சாலையில் இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. முன்னால் எத்தனை லாரி நிற்கிறது என்று போனில் டிரைவரைக் கேட்டாள்.

"எண்ணூர் வரைக்கும் இருக்கும் மேடம்" என்றான் அவன், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

வேனுக்குள் ஒரு ஈயப் பாத்திரம். பாத்திரத்துக்குள் ஒரு குப்பி. குப்பிக்குள் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை மருந்து. அதை ஊசியில் போட்டால், உடம்பில் எந்த இடம் சர்க்கரையை அவசர அவசரமாகத் தின்கிறதோ அந்த இடம் பெட் ஸ்கேனில் பல்பு மாதிரி எரியும். புற்றுக்கட்டிக்கு அந்த அவசரம் உண்டு. ஒரே சங்கடம், ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை மருந்தின் வீரியம் பாதியாகிவிடும். வேன் ஓடினாலும் போகும், நின்றாலும் போகும்.

"இன்னா கண்ணு, காலைலேருந்து குட்டி போட்ட பூன மாதிரி நடந்துகினு கீற?"

கேட்டது இன்றைய நோயாளி. பெயர் அஞ்சலாட்சி. வயது நாற்பத்தெட்டு. காசிமேட்டில் விசைப்படகு வந்து சேர்ந்ததும் மீனை ஏலம் விடுகிறவள். இருபத்திரண்டு வருடமாகக் கத்திக் கத்தி, அவள் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்துத் தெருவில் ஆட்டோக்கள் வேகத்தைக் குறைக்கும். அவள் பக்கத்தில் புருஷன் மணி. வாயைத் திறந்தால் காசு போய்விடும் என்பதுபோல உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டுக்கான பேச்சை அவளே மொத்தமாகப் பேசிவிடுவதால் அவருக்குப் பங்கு வந்ததில்லை.

மூன்று வாரமாக அஞ்சலாட்சிக்கு இருமல். மூச்சு இழுத்தால் வலது பக்கம் சுருக்கென்று வலி. வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலின் அடியில், கல்லீரலுக்குச் சற்று மேலே, ஏதோ எரிகிறது என்றார்கள். திங்கட்கிழமை அறுவை என்று நாளும் குறித்துவிட்டார்கள். இன்று வெள்ளி.

அந்தப் பழைய படத்தை அவள் மதியின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இத்த பாரு. சொம்மா சோத்துல ரசம் ஊத்துன மாதிரி கலங்கலா கீது. மீனு வாங்கணும்னாலே நாங்க செவுள தூக்கிப் பாப்போம். இதுல தலயும் தெர்ல, வாலும் தெர்ல. இத்த நம்பி என்னிய அறுக்கறாங்களாம்! நீ நல்லா தெரியற மாதிரி ஒண்ணு எட்த்துக் காட்டு. கட்டிதான்னு என் கண்ணுக்குத் தெரியட்டும், அறுத்துக்கோ. அஞ்சலாட்சி அழ மாட்டா."

மதிக்குப் பிடித்துப்போனது. கலங்கல் ஏன் வருகிறது என்பதுதான் அவளுடைய எட்டு மாத வேலை. பெட் ஸ்கேன் ஒரு நொடியில் எடுக்கிற போட்டோ அல்ல. நிமிடக்கணக்கில் ஓடும். அதற்குள் நெஞ்சு ஐம்பது முறை ஏறி இறங்கிவிடும். நுரையீரலின் அடிப்பகுதி இரண்டு சென்டிமீட்டர் ஊஞ்சலாடும். கடலில் ஆடுகிற படகில் நின்றுகொண்டு ஆடுகிற இன்னொரு படகைப் படம் பிடித்த கதைதான். மதி ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். வயிற்றில் கட்டிய பட்டை மூச்சை அளக்கும். மூச்சு அசையாமல் நிற்கிற நொடிகளை மட்டும் புரோகிராம் பொறுக்கி ஒன்றாகச் சேர்க்கும். அப்படிச் சேர்த்தால் இரண்டு அரிசி பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் இரண்டாகவே தெரியும் என்பது அவள் கணக்கு. பிளாஸ்டிக் பொம்மையை வைத்துச் சோதித்தபோது தெரிந்தது. பொம்மை இருமாது, பேசாது.

தலைமை டாக்டர் ஷெர்லின் அனுமதிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்திருந்தார். "ஒரே ஒரு சான்ஸ், மதி. சரியா வரலைன்னா சாதாரணப் படத்தையே அனுப்பிடுவேன். சர்ஜன் காத்திருக்கார்."

அந்த ஒரே சான்ஸ் இப்போது கடற்கரைச் சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"மருந்து கரைஞ்சிக்கிட்டே இருக்குக்கா" என்றாள் மதி. "லேட்டாச்சுன்னா படமே வராது."

"கரையுதா?" அஞ்சலாட்சி நிமிர்ந்தாள். "ஐஸு மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"இத்த மொதல்லியே சொல்ல வேணாமா!" போனை எடுத்தாள். "டேய் ஜெஸ்வினு! எங்க கீற? பீச் ரோட்டுல ஒரு வெள்ள வேனு நிக்குது. உள்ள என் மருந்து. ஐஸு கணக்கா கரைஞ்சிகினு கீது!"

மறுமுனையில் கேள்வியே வரவில்லை. கரைகிற சரக்கை நெரிசலில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் காசிமேட்டு மீன் ஆட்டோக்காரர்களின் பிழைப்பு.

மதி பதறிப்போய் போனைப் பிடுங்கினாள். பதற்றத்தில் ஆஸ்பத்திரித் தமிழ் கழன்று விழுந்தது. "அண்ணே! வேன மட்டும் இட்டுகினு வாங்க! பாத்திரத்த எவனும் தொடக்கூடாது! தொட்டீங்க, கவர்மென்ட்டு என்னியும் உள்ள வெக்கும், உங்களியும் உள்ள வெக்கும்!"

பதினேழு நிமிடம். முன்னால் ஆறு மீன் ஆட்டோ, பின்னால் ஐந்து, நடுவே கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெள்ளை வேன். எந்த சந்து, எந்த லாரிக்கு அடியில் எந்த இடைவெளி என்பதெல்லாம் விசாரிக்க மதிக்கு நேரமில்லை. வேன் டிரைவர் வெளிறிப்போய் இறங்கினான். பாத்திரம் பூட்டியபடி இருந்தது, முத்திரை கலையவில்லை. அளந்து பார்த்தாள். வீரியம் குறைந்திருந்தது, ஆனால் ஒரு ஸ்கேனுக்குத் தாங்கும். ஒன்றே ஒன்றுக்கு.

பதினோரு ஆட்டோவும் திரும்பிப் போகவில்லை. யக்காவுக்கு என்ன என்று தெரியாமல் போகமாட்டோம் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தெரு முழுக்க நெத்திலி வாசனை.

ஊசி ஏறியது. இனி ஒரு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். அசையக்கூடாது. பேசவே கூடாது. பேசினால் தொண்டைத் தசை சர்க்கரையைத் தின்றுவிடும், தொண்டையில் பல்பு எரியும்.

"ஒரு மணி நேரம் பேசக்கூடாதா?" என்று கேட்டவர் மணி. அன்று அவர் பேசிய முதல் வாக்கியம். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்து போனது.

நர்ஸ் ரிஃபானா கேமரா வழியாகக் காவல் இருந்தாள். முதல் பத்து நிமிடம் அஞ்சலாட்சி உதட்டை இறுக்கிக்கொண்டாள். இருபதாவது நிமிடம் கன்னம் உப்பியது. நாற்பதாவது நிமிடம் ரிஃபானா ஓடி வந்தாள். "மதிக்கா, அந்தம்மா புருவத்தாலயே சண்ட போடறாங்க. எதிர்ல யாருமே இல்ல!"

எப்படியோ ஒரு மணி நேரம் கழிந்தது. தொண்டை தப்பித்தது.

ஸ்கேன் அறை. அஞ்சலாட்சி மெஷினின் வளையத்துக்குள் படுத்திருந்தாள். வயிற்றில் பட்டை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மதி, முன்னால் திரை. மூச்சு ஏறி இறங்குவது திரையில் பச்சைக் கோடாக ஓட வேண்டும். எல்லோருக்கும் அலை மாதிரி வரும்.

அஞ்சலாட்சிக்குப் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய கடல் மாதிரி வந்தது.

கோடு குத்துக்குத்தென்று குதித்தது, நெளிந்தது, சரிந்தது. புரோகிராம் சிவப்பு எழுத்தில் சொன்னது: பயன்படும் நொடிகள், நூற்றுக்கு நான்கு.

நூற்றுக்கு நான்கில் எந்தப் படமும் வராது. மதி மைக்கை அழுத்தினாள். "அக்கா, உள்ள இன்னா பண்றீங்க?"

"நான் இன்னா பண்ணேன்? செவனேன்னு படுத்துகினு கீறேன்."

"பொய் சொல்லாதீங்க. கோடு கூத்தாடுது."

 "மன்சுக்குள்ள ஏலம் வுட்டுகினு கீறேன்மா. இந்நேரம் நாலு போட்டு கரைக்கு வந்துருக்கும். நான் இல்லாம எவன் எவன் அடிமாட்டு வெலைக்குத் தள்ளிகினு போறானோ!"

"அத்த நிறுத்துங்க. தூங்கற மாதிரி மூச்சு வுடுங்க."

"தூக்கத்துலயும் ஏலம்தான் வுடுவேன். இவரக் கேளு."

கதவோரம் நின்ற மணி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் இருபத்திரண்டு வருடமாகக் கெட்ட தூக்கம் தெரிந்தது.

மதிக்கு மண்டை காய்ந்தது. ஒவ்வொரு நிமிடமும் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இன்று வராவிட்டால் கலங்கல் படம் போகும். திங்கட்கிழமை அந்தக் கலங்கலை நம்பிக் கத்தி இறங்கும். திரையையே முறைத்தாள்.

அப்போதுதான் கண்ணில் பட்டது.

கூத்தாடுகிற கோட்டுக்கு நடுவே அங்கங்கே ஒரு மொட்டை மாடி. ஏறுகிறது, கொஞ்சம் இறங்குகிறது, பிறகு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக நிற்கிறது. நான்கு நொடி, சில இடத்தில் ஐந்து. பிறகு சடாரென்று விழுகிறது. உயரம் ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் ஒன்றே.

"அக்கா! ஏலத்துல மூச்ச எங்க புடிப்பீங்க?"

"எங்க புடிப்பாங்க? ஒரு தரம் சொல்வேன். ரெண்டு தரம் சொல்வேன். அப்பால மூச்ச நிறுத்திகினு பாப்பேன், எவன்னா கைய தூக்கறானான்னு. அந்த எடத்துல மூச்சு வுட்டா, அவசரப்படறான்னு யேவாரிக்குத் தெரிஞ்சிரும். அப்பால ஒரு பய மேல கேக்க மாட்டான். இது கூடத் தெரியாதா?"

மதிக்குத் தெரியாது. மருத்துவ இயற்பியலில் இந்தப் பாடம் இல்லை. ஆனால் உலகத்தில் அவள் தேடிக்கொண்டிருந்த மூச்சு அதுதான். எத்தனை பயிற்சி கொடுத்தாலும் நோயாளிகளுக்கு வராத மூச்சு. இவள் இருபத்திரண்டு வருடமாக விடியற்காலையில் உப்புத்தண்ணீரில் நின்று பழகி வைத்திருக்கிறாள்.

"எந்த மீனுக்கு ரொம்ப நேரம் நிறுத்துவீங்க?"

"வஞ்சிரத்துக்கு. நெத்திலி, மத்தியெல்லாம் சட்டுன்னு முடிச்சிருவேன். வஞ்சிரம் மருவாத உள்ள மீனு. எட்டு வரைக்கும் எண்ணலாம்."

"அப்ப இன்னிக்கு வஞ்சிரம் மட்டும்தான். இருபது நிமிஷம். வேற மீனே கெடையாது."

"இன்னா வெளையாடறியா? இருபது நிமிசம் விக்கற அளவுக்கு வஞ்சிரம் இந்தக் கடல்லியே கீதா?"

"நான் தரேன்க்கா. இப்பதான் ஏழு போட்டு வந்திருக்கு. பூரா வஞ்சிரம். ஒவ்வொரு கூடையா வுடுங்க. வாயத் தொறக்காதீங்க, மன்சுக்குள்ளியே."

கோடு ஒரு நொடி யோசித்தது. பிறகு ஏறியது. சின்ன மேடு: ஒரு தரம். இன்னொரு மேடு: ரெண்டு தரம். மொட்டை மாடி. ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு நொடி! பிறகு சரிவு. திரையில் நூற்றுக்கு நான்கு என்பது ஒன்பதானது, பதினாறானது, முப்பதைத் தொட்டது.

ஐந்து நிமிடம் கழித்து மாடிகள் குட்டையாகத் தொடங்கின. மதி மைக்கை அழுத்தினாள். "இன்னாக்கா ஆச்சி?"

"எவனுமே கேக்க மாட்டேங்கறான். கேக்காத ஏலத்துக்கு நான் எதுக்கு நிக்கணும்?"

வேறு வழியில்லை. மதி தொண்டையைச் செருமிக்கொண்டாள். மைக்கில், ஸ்கேன் சென்டர் ஆரம்பித்த நாளிலிருந்து யாரும் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள்.

"மூவாயிரம்!"

கோடு நடுங்கியது. கூடை வஞ்சிரத்துக்கு மூவாயிரமா என்று அவள் வயிறே துடித்தது திரையில் அப்படியே தெரிந்தது. மதி அவசரமாகத் திருத்தினாள். "நாலாயிரம்!"

நடுக்கம் இன்னும் கூடியது.

"என்ன நடக்குது இங்க?"

பின்னால் டாக்டர் ஷெர்லின். மதி ஒரு கையால் மைக்கை மூடிக்கொண்டு, விஷயத்தை மூன்று வாக்கியத்தில் சொன்னாள். ஷெர்லின் திரையைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். நூற்றுக்கு முப்பத்தொன்றைப் பார்த்தார். அவருடைய தகப்பனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மொத்தக் கடை வைத்தவர். வீட்டுக்கு மீன் வாங்க ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காசிமேடு போவார், மகளையும் கூட்டிக்கொண்டு.

"நாலாயிரமா?" என்றார் ஷெர்லின், நிஜமான வேதனையோடு. "வஞ்சிரத்தை அவமானப்படுத்தாதே. தள்ளு."

நாற்காலியை இழுத்துப் போட்டு, ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒன்பதாயிரம்."

கோடு சட்டென்று அடங்கியது. ஒரு தரம். ரெண்டு தரம். மாடி. எட்டு நொடி!

"ஒன்பதாயிரத்து இருநூறு" என்றாள் மதி.

"பத்து" என்றார் ஷெர்லின். "நீ என்ன, சில்லறை கேக்கிறே?"

"பத்தரை!" என்று வாசலிலிருந்து ரிஃபானா. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "அஞ்சு பேரு இருக்கற வீடு டாக்டர்" என்றாள் அவள், சமாதானமாக.

இருபது நிமிடத்தில் கடலில் இல்லாத எண்பத்தேழு கூடை வஞ்சிரம் விற்றுத் தீர்ந்தது. கடைசியாக மதி, எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் சி.டி. ஸ்கேனையும் அதே மூச்சில் எடுத்தாள். ரெண்டு தரம் முடிந்து மாடி வந்ததும் பொத்தானை அழுத்தினாள். பயன்படும் நொடிகள்: நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.

கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. அதற்குள் மதி ஒரு நகத்தையும் பாக்கி வைக்கவில்லை.

படம் வந்தது.

பழைய படத்தில் இருந்த ரசக் கலங்கல் இல்லை. அந்த இடத்தில் இரண்டு புள்ளிகள். சின்னதாக, விளிம்பு சுத்தமாக, ஒன்றின்கீழ் ஒன்று. இரண்டுக்கும் நடுவே தெளிவான இருட்டு. மூச்சில் ஆடி ஆடி இவ்வளவு நாளாக ஒன்றாகக் குழம்பிக் கட்டி வேஷம் போட்டவை.

ஷெர்லின் சி.டி. படத்தை மேலே பொருத்தினார். புள்ளிகள் நுரையீரலில் உட்காரவில்லை. விலா எலும்பில் உட்கார்ந்தன. எட்டாவது விலாவில் ஒன்று, ஒன்பதாவதில் ஒன்று, ஒரே நேர்கோட்டில். படத்தைப் பெரிதாக்கினார். இரண்டு இடத்திலும் மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

"உடைஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கிற எலும்பு" என்றார் மெல்ல. "அதுவும் சர்க்கரை தின்னும். மதி, நுரையீரல்ல ஒண்ணுமே இல்ல. அடி பட்டிருக்கு, அவ்வளவுதான். இருமல் வெறும் சளி."

மதி அஞ்சலாட்சியை அழைக்க ஓடினாள். 

அஞ்சலாட்சியை எதிரில் உட்காரவைத்து ஷெர்லின் படத்தைக் காட்டினார். அவள் ஒவ்வொரு புள்ளியையும் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

"கட்டி இல்ல. விலா எலும்பு ரெண்டு விரிசல் விட்டிருக்கு. எங்கம்மா விழுந்தீங்க?"

"நானா? வுழலியே."

"யாராவது அடிச்சாங்களா?"

"என்னியா?" அவள் குரலில் ஜன்னல் அதிர்ந்தது. "எவனுக்குத் தைரியம் கீது?"

"பின்னே எலும்பு தானா உடையுமா?"

"ஒடையும் போல கீது" என்றாள் அஞ்சலாட்சி, மின்விசிறியைப் பார்த்தபடி.

 மணி எழுந்தார். செருமினார். அன்றைய இரண்டாவது வாக்கியம் வந்தது, ஒரே வார்த்தையாக.

"சூரை."

"யோவ்!"

"நீ சொம்மா இரு அஞ்சல. திங்கக்கெழம ஒன்ன அறுக்கப் பாத்தாங்க." டாக்டர் பக்கம் திரும்பினார். "ஐஸுல வெறைச்ச ஒரு சூரை மீனுங்க. போட்டு மேலேருந்து ஒருத்தன் வீசுனான். இவ திரும்பி நின்னு யாருகிட்டயோ கத்திகினு இருந்தா. வலது வெலாவுல வந்து மோதிச்சி. அஞ்சு கிலோ கூட இருக்காது. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு மாரியாத்தா மேல சத்தியம் வாங்கிட்டா."

மதியால் நம்ப முடியவில்லை. "அக்கா! மொத டாக்டர்கிட்டயே இத்த சொல்லியிருந்தா இவ்ளோ பேஜாரே இல்லியே! நெஞ்ச அறுத்தாலும் பரவால்லன்னு இருந்தீங்களா?"

"ஒனக்கு இன்னா தெரியும்!" அஞ்சலாட்சியின் முகம் முதல்முறையாகச் சுருங்கியது. "காசிமேட்டுல மீனப் பாத்து வெல சொல்றவ நானு. மீனே என்னியப் பாத்து அடிச்சிட்சின்னு தெரிஞ்சா எவன் மதிப்பான்? கட்டின்னா நாலு பேரு கண்ணுல தண்ணி வுடுவான். சூரைன்னா சிரிப்பான்."

ஷெர்லின் முகத்தை ஃபைலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஃபைல் குலுங்கியது. கடைசியில் ஃபைலைக் கீழே வைத்துவிட்டு, சர்ஜனுக்கு அங்கேயே போன் போட்டு, திங்கட்கிழமை வேண்டாம் என்றார். அறிக்கையில் 'கனமான பொருள் தாக்கியதால்' என்று எழுதினார். ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது. இன்று சாயங்காலம் வரை கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கக்கூடாது. கத்தவும் கூடாது. கடைசியாகச் சொன்னதை அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

படி இறங்கி வாசலுக்கு வந்தார்கள். மதியும் கூட வந்தாள்.

பதினோரு ஆட்டோக்காரர்களும் எழுந்து நின்றார்கள். ஜெஸ்வின் முன்னால் வந்தான். ஆறடி ஆள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"யக்கா. இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல நைனா. போய் வேலயப் பாருங்க."

அந்த ஒண்ணுமில்லையைக் கேட்டதும் ஜெஸ்வினுக்கு உதடு கோணியது. "எங்ககிட்ட மறைக்கறியாக்கா? எங்கம்மாவும் இப்படித்தான் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னாங்க..." என்றான், பாதியில் உடைந்து அழத் தொடங்கினான். அவன் அழுததைப் பார்த்து இன்னொருவன். நாலாவது ஆள் மாரில் அடித்துக்கொண்டதும் எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, யார் என்ன என்று தெரியாமலே முந்தானையை வாயில் வைத்தாள்.

அஞ்சலாட்சி தெருவை ஒருமுறை பார்த்தாள். மதியைப் பார்த்தாள். வேறு வழி இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது. இடுப்பில் கை வைத்தாள்.

"டேய்! அழுவாதீங்கடா! கட்டியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எலும்புதான். மீன் அடிச்சிட்சி!"

அழுகை அப்படியே நின்றது. பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவனுக்கு மூக்கு விடைத்தது. இன்னொருவன் கன்னத்தைக் கடித்துக்கொண்டான்.

"இன்னா மீனுக்கா?" என்றான் ஜெஸ்வின், ஜாக்கிரதையாக.

"சூரை."

"எத்தினி கிலோ?"

அஞ்சலாட்சி முந்தானையை இழுத்துச் செருகினாள். ஏலக்காரி எடையில் பொய் சொல்லக்கூடாது. சொன்னால் அந்த வாய்க்கு அப்புறம் மதிப்பில்லை. தெருவே காத்திருந்தது.

மணி ஓர் அடி முன்னால் வைத்தார். இரண்டு கையையும் அகல விரித்தார். இன்னும் கொஞ்சம் விரித்தார்.

"பதினேழு" என்றார்.

"யப்பா!" என்றான் ஜெஸ்வின். "பதினேழு கிலோ சூரையா? அத்த வாங்கிகினு நின்னுச்சா அக்கா?"

"சொம்மா நிக்கல" என்றார் மணி. "நின்ன எடத்துலயே அந்த மீன அப்பவே வித்தா."

தெரு கைதட்டியது. அஞ்சலாட்சி புருஷனை, அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவள்போல ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரித்ததும் விலாவில் சுருக்கென்றது. "ஐயோ" என்று பிடித்துக்கொண்டு, அதற்காகவும் சிரித்தாள்.